பதின்மூன்றாவது பெயர்

ஐம்பத்து மூன்று விநாடி. எண்ணூறு மீட்டரை ஐம்பத்து மூன்றில் முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலியோரத்துப் புல்லுக்குக் கழுத்தை நீட்டுகிறாள் தூறல். ஸ்டாப்வாட்ச்சைக் குலுக்கிப் பார்த்தேன். குலுக்கினால் நேரம் மாறாது என்று தெரியும், இருந்தாலும் குலுக்கினேன். மேலே உட்கார்ந்து ஓட்டிவந்த ஷெரீப் இறங்கி, "அண்ணே, கையத் தளத்தவே இல்லண்ணே. இழுத்துப் புடிச்சுத்தான் வந்தேன், தோள்பட்டை கழண்டுபோச்சு" என்கிறான். இழுத்துப் பிடித்தே ஐம்பத்து மூன்று. விட்டிருந்தால்? விட்டிருந்தால் என்று ஆரம்பிக்காதே கஜேந்திரா, முதலில் காலைப் பார். குனிந்து இடது முன்னங்காலின் பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறங்கும் தசைநாரை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவினேன். குளிர்ந்திருக்கிறது. மலைப் பனியில் நனைந்த புல்லில் ஓடிவந்த கால் குளிராமல் என்ன செய்யும். சூடு வருவதாக இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும், அப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். பதினாலு மாதமாக ஒரு நாள் விடாமல் நான் தொட்டுக்கொண்டிருக்கும் கால் இது. என் பெண்டாட்டி கையைக்கூட நான் இவ்வளவு பிடித்ததில்லை, அவளே அதைச் சொல்லிக் காட்டுவாள். மூடுபனி விலகி எதிர்ச்சரிவில் வெயில் விழுகிறது. யூகலிப்டஸ் வாசனையும் குதிரை வியர்வையும் சேர்ந்து வருகிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை உண்டு, ஆனாலும் இந்த நிமிஷம் ஓடுதளத்தை ஒரு சுற்று நானே ஓடி வரலாம் போலிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஞாபகம் வருகிறது, இன்றைக்கு வியாழக்கிழமை. பதினொரு மணிக்குப் பட்டியல் ஒட்டுவார்கள்.

இப்போது எட்டரை. இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. சனிக்கிழமை ஓட்டத்தில் யார் யார் ஓடலாம் என்கிற பட்டியல் அது, இந்த சீசனின் கடைசிப் பட்டியல். அது எப்படி முடிவாகிறது என்று வெளியாள் யாராவது கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும். மலைமேல் இருக்கும் ஓடுதளம் சின்னது, ஒரு ஓட்டத்துக்குப் பன்னிரண்டு குதிரைதான் நிற்க முடியும். பெயர் கொடுப்பதோ இருபது, இருபத்தைந்து. யாரை வெட்டுவது? ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு, ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். எண்ணை மேலிருந்து கீழே அடுக்கி முதல் பன்னிரண்டு உள்ளே, மிச்சமெல்லாம் வெளியே. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் அடிபட்டுப் பதினாலு மாதம் ஓடாத குதிரைக்கு எண் எப்படி ஏறும்? ஓடினால்தான் ஏறும். ஏறினால்தான் ஓட விடுவார்கள். ஓடினால்தான் ஏறும். இந்த இடத்துக்கு வந்ததும் என் மூளை இங்கேயே சுற்ற ஆரம்பித்துவிடும், பல் தேய்க்கும்போது சுற்றும், சாம்பாரில் இட்லியை முக்கும்போது சுற்றும். இந்த சீசனில் நாலு தடவை தூறலின் பெயரைக் கொடுத்தேன், நாலு தடவையும் வெட்டு. முதலில் பதினெட்டாவதாக நின்றாள், பிறகு பதினாறு, பதினைந்து, போன வாரம் பதினாலு. பேருந்துக்கு ஊர்கிற வரிசையில் நிற்பது மாதிரி முன்னேறி வந்துகொண்டிருக்கிறாள், ஏறப்போகும்போது சீசன் முடிகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால் அந்த முதல் பன்னிரண்டில் பாதி ஓடவே வராது. தயாளன் மாதிரிப் பயிற்சியாளர்கள் லாயத்தில் நிற்கிற அத்தனைக்கும் பெயரைப் போட்டு வைப்பார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஓட்டத்தன்று காலையில் இருமல், நொண்டி, மனசு சரியில்லை என்று ஏதாவது சொல்லி விலக்கிக்கொள்வார்கள். அன்றைக்கு விலக்கி யாருக்கு என்ன லாபம்? பட்டியல் ஒட்டிய நாளில் பகல் பன்னிரண்டுக்குள் விலக்கினால்தான் வெளியே நிற்கிற அடுத்த பெயர் உள்ளே வரும். எவனும் அன்றைக்கு விலக்க மாட்டான். போன வாரம் பன்னிரண்டு பேரில் ஓடியது ஏழு. ஓட்டம் கிளம்புகிற இடத்தில் ஐந்து கூண்டு காலியாக நின்றது. தூறல் லாயத்தில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு தரையைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் நான் கிளப் ஆபீசில் போய்க் கத்தினேன். செகரட்டரி கோதண்டம் சார் எதிரே நின்று, மேஜையைத் தட்டி, வெளியே வராந்தாவில் பத்துப் பேர் கேட்கும்படி. ஓட்டுகிற எண்ணமே இல்லாமல் பெயர் கொடுக்கிறவன் அடுத்தவன் சோற்றைத் தட்டிவிடுகிறவன் என்றேன். விலக்குகிறவன் நேரில் வந்து, ஏன் பெயர் கொடுத்தேன், ஏன் விலக்குகிறேன் என்று தன் கைப்பட எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும், ஊரே நின்று படிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றேன். கோதண்டம் சார் கழுத்து மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "எழுதிக் குடுங்க கஜேந்திரன். வாயால சொன்னா காத்தோட போயிடும்" என்றார். சரி, எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். நாலாவது பிரதி இப்போது சட்டைப் பையில் இருக்கிறது, இரண்டு பக்கம், முதல் பக்கத்தில் மட்டும் 'மனசாட்சி' என்ற வார்த்தை மூன்று இடத்தில் வருகிறது. ஒரு இடத்தில் அடித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை பெயர் கொடுக்கும் படிவத்தை நிரப்பும்போதுகூடக் கை பாட்டுக்கு அறை வரிசைப்படி எழுதிக்கொண்டிருந்தது, மனசு முழுக்கக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில். 'தன்னலம் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்ட சில பயிற்சியாளர்கள்' என்று போடுவதா, இல்லை தயாளன் என்றே போட்டுவிடுவதா. 'சில' தான் நல்லது. சில என்றால் படிக்கிற ஒவ்வொருவனுக்கும் உறுத்தும்.

சனிக்கிழமை ஓட்டம் கண்முன்னால் ஓடுகிறது: ஆயிரத்துநானூறு மீட்டர், வளைவில் திரும்பும்போது தூறல் ஏழாவதாக வருகிறாள், கடைசி நானூறில் ஷெரீப் கையை விடுகிறான், இழுத்துப் பிடித்தே ஐம்பத்து மூன்று என்றால் விட்டால் என்ன ஆகும். விட்டால் என்ன ஆகும். அந்தச் சத்தம் காதில் வந்துவிட்டது. போன வருஷம் மார்ச்சில் ஒரு சாதாரணக் காலைப் பயிற்சியில் கேட்டது, காய்ந்த சுள்ளியை முறிக்கிற சத்தம், அவ்வளவுதான், அதற்கப்புறம் தசைநார் கிழிந்து அவள் மூன்று காலில் நின்றாள். கால்நடை டாக்டர் தலையை ஆட்டிவிட்டார், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். குதிரையின் சொந்தக்காரர் எஸ்தர் பொன்னையா நாகர்கோவிலில் பல் டாக்டர், அன்றைக்கே புறப்பட்டு மறுநாள், சீசன் இல்லாதபோது நாங்கள் இருக்கும் சென்னை லாயத்துக்கு வந்துவிட்டார். வந்தவர் காலைப் பார்க்கவில்லை. நேரே தூறலின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். நிதானமாக, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு என்னிடம், "பல்லு அம்சமா இருக்கு கஜேந்திரன். இவ்வளவு நல்ல பல்லு இருக்கிற ஜீவனுக்கு ஊசி போடச் சொன்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது வைத்தியமா வேதாந்தமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பார்த்துக்கொண்டேன். மூன்று மாதம் ஐஸ், மூன்று மாதம் கையில் பிடித்து நடை, முதல் வாரம் பத்து நிமிஷம், இரண்டாம் வாரம் பன்னிரண்டு, பிறகு நீச்சல் தொட்டி, பிறகு மணலில் துள்ளு நடை. அந்தப் பதினாலு மாதமும் எஸ்தர் டாக்டர் வாரம் ஒரு முறை கூப்பிடுவார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார், அவ சாப்பிடுறாளா என்றுதான் கேட்பார். விஷயம் என்னவென்றால் தூறல் அடிபடுவதற்கு முன்னால் ஆறு ஓட்டம் ஓடியிருக்கிறாள், டாக்டர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை என்றால் அவர் கிளினிக்கில் கூட்டம் அலைமோதும். போன டிசம்பரில் கிளினிக்கை மூடிவிட்டார். நாளைக்கு ரயில் ஏறுகிறார். பட்டியலே வரவில்லை, அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டார், ரேஸ் பார்க்கத் தொப்பி வேறு வாங்கியிருக்கிறாராம், இளம் மஞ்சள் நிறம். "ஒரு தடவ அவ ஓடுறதப் பாத்துட்டா போதும் எனக்கு. அப்புறம் திங்கக்கிழம சந்தோஷமா அனுப்பிருவோம்." திங்கட்கிழமை லாரி வருகிறது. தூறலை இனப்பெருக்கப் பண்ணைக்கு அனுப்புகிறார்கள், அடுத்த ஜனவரியில் ஏழு வயசு ஆகிவிடும், அதற்கு மேல் ஓட்டுவது நியாயமில்லை, அதை டாக்டரிடம் சொன்னதே நான்தான். ஆக சனிக்கிழமை விட்டால் இல்லை. எனக்கு வேண்டியது ஜெயம்கூட இல்லை. பன்னிரண்டில் ஒரு கூண்டு. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அம்மாள், வேலியருகே.

லாயத்துக்கு வந்தாயிற்று. தூறலின் பெயரை முழுசாகச் 'சின்னத் தூறல்' என்று டாக்டர்தான் வைத்தார், குதிரைக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாதா என்று சண்டை போட்டு. அறிவிப்பாளர் வாயில் அது 'சின்னா டூரல்' என்றுதான் வரும். வரட்டும், எப்படி வந்தாலும் சரி, சனிக்கிழமை ஒலிபெருக்கியில் வரட்டும். லோகு வெந்நீரில் துணியைப் பிழிந்து அவள் முதுகைத் துடைக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் குதிரை பார்க்கிறவன், என்னைத் திட்டுகிற உரிமை அவனுக்கு உண்டு. "இன்னா மொதலாளி, மூஞ்சி ஒரு நிமிசம் சிரிக்குது, ஒரு நிமிசம் மொறைக்குது? டைம் எவ்ளோ?" என்றான். சொன்னேன். துணியைக் கீழே போட்டுவிட்டான். தூறலின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு, "லிஸ்ட்ல வரும். நீ வேணா பாரு" என்றான். நாலு வாரமும் இதையேதான் சொன்னான். அடுத்த அறையில் கிராண்ட் சுல்தான் பின்னங்காலை உப்புத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடி, புல்லை மென்றுகொண்டு, சீசனுக்கு வந்த பணக்கார மாமா மாதிரி வெளியே வேடிக்கை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கல் குத்தி அடிப்பாதம் கன்றிப்போயிருக்கிறது, பத்து நாளைக்கு நடக்கக்கூடக் கூடாது. "ஐயாவுக்கு லீவு," என்றான் லோகு, "சாப்பாட்டுக்கு மட்டும் டபுள் டூட்டி." சுல்தானின் கழுத்தில் தட்டிக்கொடுத்தேன். இவனுக்குக் கவலை கிடையாது. ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான், அவன் முதலாளிக்கும் அப்படியே, துபாயில் இருக்கிறார், கேட்க மாட்டார். சில பிறவிகளுக்கு எல்லாமே லேசாகக் கிடைத்துவிடுகிறது. ஒரு கேரட்டைத் தூறலிடம் நீட்டினேன். வாங்கும்போது உதடு உள்ளங்கையில் பட்டது, மிருதுவாக, ஈரமாக. இந்த ஒரு தொடுதலுக்காகத்தான் முப்பது வருஷமாக விடிகாலை நாலரைக்கு எழுந்துகொண்டிருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது.

பத்தே கால். ஆபீசுக்கு எதிரே இருக்கும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் இஞ்சி டீ. பலகை வெறுமையாக இருக்கிறது, போன வாரத்துப் பட்டியலைக் கிழித்த இடத்தில் பசைத் தடம் மட்டும். தயாளன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், மூங்கில் பச்சையில் ஸ்வெட்டர். "அண்ணே, காலைல உங்க பொண்ணு பறந்துச்சாமே" என்றான். இங்கே எதுவும் ஒளிந்திருக்காது. "ஏதோ நடந்துது" என்றேன். "சனிக்கிழமை ஓடுதா?" என்றான். என்ன நெஞ்சழுத்தம். ஏழு குதிரைக்குப் பெயர் கொடுத்து வழியை அடைத்துவிட்டு ஓடுதா என்று கேட்கிறான். "உன் ஏழுல எத்தன ஓடும்?" என்றேன். சிரித்தான். "தெரியலண்ணே. போட்டு வெச்சா பாத்துக்கலாம்." போட்டு வைத்தால் பார்த்துக்கொள்ளலாமாம். சட்டைப் பையில் கடிதம் சூடாக இருக்கிறது, டீ சிந்தியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டே நினைக்கிறேன், பட்டியலில் அவள் பெயர் இல்லை என்றால் டாக்டரிடம் என்ன சொல்வது. சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராகவே இருக்கிறது, நாலு வாரமாக அதே வாக்கியம்: கிளப்பில் விடவில்லை டாக்டர், நம்ம கையில் ஒன்றும் இல்லை. நம்ம கையில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கோபத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாக மூச்சு விடுகிறது. அது என்ன? பார்க்க வேண்டாம் என்று இருந்தேன், இன்றைக்கு டீயும் வெயிலுமாக உட்கார்ந்திருக்கும்போது பார்த்துவிட்டேன். நிம்மதி. வெட்டிவிட்டார்கள் என்றால் இந்த வாரமும் அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்காது. பயம்தான் கஜேந்திரா, வேறு ஒன்றும் இல்லை. ஓட விட மாட்டேன் என்கிறார்கள் என்று கத்துகிறவனுக்கு ஓட விட்டால் என்ன செய்வது என்று பயம். வளைவில் கால் மடிந்தால், மஞ்சள் தொப்பிக்கு முன்னால் மடிந்தால். அடச்சே. காலையில் அவள் வளைவில் எப்படித் திரும்பினாள்? தண்ணீர் திரும்புகிற மாதிரி. ஷெரீபுக்குத் தோள்பட்டை வலிக்கும்படி ஓடவேண்டும் என்று கேட்டது யார், நானா, அவள்தானே. ஓட விரும்புகிறவள் ஓடட்டும். எனக்கு வேண்டும், அவளுடைய பெயர் பட்டியலில் வேண்டும், பயத்தோடு சேர்த்தே வேண்டும். இப்படி நினைத்ததும் டீ இன்னும் ருசியாக இருந்தது.

பதினொன்று அடித்து நாலு நிமிஷம். பியூன் வந்து பட்டியலை ஒட்டினார், நாலு மூலையிலும் பசையை நிதானமாகத் தடவி, தலைகீழாக இருக்கிறதா என்று வேறு சரிபார்த்து. நான் எப்போதும் கீழிருந்துதான் படிப்பேன், கீழே இருப்பவர்களுக்கு அதுதான் பழக்கம். இருபத்து மூன்று பெயர். இருபத்து மூன்று, இருபத்திரண்டு, இருபது, பதினேழு. காணோம். பதினாறு, பதினைந்து, பதினாலு. காணோம். பதின்மூன்று: சின்னத் தூறல், ரேட்டிங் இருபத்திரண்டு, வெட்டு. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் அடிக்கோல் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். ஒரே ஒரு பெயர். ஒரே ஒருத்தன் மனசாட்சியோடு இருந்திருந்தால், ஒரே ஒரு நொண்டிக் குதிரையின் பெயரை ஒருத்தன் கொடுக்காமல் இருந்திருந்தால். "எவன்டா அது பன்னண்டாவது?" என்று வாய்விட்டே கேட்டேன், கடிதத்தைப் பையிலிருந்து உருவியபடி. தயாளன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு உடனே புரியவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளைக் குலுக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டு, "நீங்களே படிங்கண்ணே" என்றான். படித்தேன். பன்னிரண்டு: கிராண்ட் சுல்தான், ரேட்டிங் இருபத்து நாலு, பயிற்சியாளர் வே. கஜேந்திரன்.

உப்புத் தண்ணீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு புல் மென்றுகொண்டிருக்கிற சுல்தான். அறை ஒன்று, அறை இரண்டு, அறை மூன்று. செவ்வாய்க்கிழமை காலை, மனசு மூன்றாம் பத்தியில், கை பாட்டுக்கு வரிசைப்படி. ஒன்றாம் அறையில் சுல்தான். முப்பது வருஷமாக இந்தக் கை இப்படித்தான் எழுதியிருக்கிறது, போட்டு வைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. போன வாரம் யார் பெயரைப் போட்டேன்? அதற்கு முந்தின வாரம்? காலியாக நின்ற ஐந்து கூண்டில் ஒன்று என்னுடையதா? ஆமாம், போன வாரம் மூன்றாம் அறைக் குதிரைக்கு ஜலதோஷம் என்று நானே காலையில் போன் செய்தேன், கத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். கடவுளே. முதலில் காது சூடானது. அப்புறம் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பிவந்தது, கோபம் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிப்பு. தயாளன் அதற்காகவே காத்திருந்தவன் போல வெடித்துவிட்டான். நானும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பியூன் பசை டப்பாவோடு பயந்துபோய் நின்றார். சிரிப்புக்கு நடுவில்தான் மணியைப் பார்த்தேன். பதினொன்றே கால். பன்னிரண்டுக்குள் ஒருத்தன் விலக்கினால் பதின்மூன்று உள்ளே வரும். அந்த ஒருத்தன் நான்தான்.

கோதண்டம் சார் அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கொண்டாந்துட்டீங்களா? குடுங்க" என்று கையை நீட்டினார். "இது இல்ல சார். சுல்தானை விலக்கிக்கறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "விலக்கலாம். ஆனா கஜேந்திரன், நீங்க சனிக்கிழமை ஒரு யோசனை சொன்னீங்க இல்ல, நேர்ல வந்து கைப்பட எழுதிப் பலகைல ஒட்டணும்னு? நல்ல யோசனைன்னு அன்னிக்கே கமிட்டில வெச்சேன். பாஸ் ஆயிடுத்து. இந்த வாரத்துலேர்ந்து அமல்." முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை, மப்ளர் மட்டும் லேசாக நடுங்கியது. "முதல் ஆள் நீங்கதான்." வெள்ளைத்தாள் கேட்டேன். தேடினார், மேஜையில் இல்லை என்றார், இல்லாமல் இருக்குமா, வேண்டுமென்றே செய்கிறார் என்று தெரிந்தது, அதுவும் பிடித்திருந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்துத் திருப்பி, பின்னால் வெறுமையாக இருந்த இடத்தில் எழுதினேன். பேனா முதல் எழுத்திலேயே கொஞ்சம் நின்றது. இனிமேல் கிளப்பில் விடவில்லை என்று டாக்டரிடம் சொல்ல முடியாது. நம்ம கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை அந்த வளைவில் என்ன நடந்தாலும் என் கையெழுத்துதான். சுள்ளிச் சத்தம் ஒரு தரம் கேட்டது. கூடவே ஐம்பத்து மூன்று என்பதும் ஞாபகம் வந்தது, உள்ளங்கையில் பட்ட உதடும். எழுதினேன்: 'கிராண்ட் சுல்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் நொண்டி. செவ்வாய்க்கிழமை பெயர் கொடுக்கும்போது எனக்கு அது தெரியும். ஓட்டும் எண்ணம் இல்லாமல் பழக்க தோஷத்தில் கொடுத்தேன். வே. கஜேந்திரன், பயிற்சியாளர்.' மனசாட்சி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் வரவில்லை. பியூனிடம் பசையை வாங்கி நானே ஒட்டினேன், நாலு மூலையிலும் தடவி. கோதண்டம் சார் வெளியே வந்து சிவப்புப் பேனாவால் பன்னிரண்டை அடித்து, பதின்மூன்றை ஒரு அம்புக்குறி போட்டுக் கோட்டுக்கு மேலே ஏற்றினார். பின்னால் தயாளன் என் எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான், கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. படித்து முடித்தவன் பலகையிலிருந்து திரும்பினான். பிறகு, "சார், என் பேர்ல ரெண்டு நொண்டி இருக்கு. பேப்பர் குடுங்க" என்றது என் காதில் விழுந்தது.

லாயத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது, முழங்கால் வலித்ததாக ஞாபகம் இல்லை. லோகு என் முகத்தைப் பார்த்த உடனேயே, "சொன்னேன்ல" என்றான். மூடியில்லாத கூடையோடு கேரட் முழுவதையும் தூறல் முன்னால் கொண்டுபோய் வைத்தான். அவளைத் தாண்டி முதல் அறைக்குப் போய்ச் சுல்தானைப் பார்த்துக் கும்பிட்டேன், அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. பிறகு தூறலின் பக்கத்தில் குந்தினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, சூடு வருவதாக இருந்தால் இப்போது வந்திருக்கும். இரண்டு விரல், மேலிருந்து கீழே, கண்ணை மூடிக்கொண்டு. குளிர்ந்திருக்கிறது. இன்னொரு தரம். குளிர்ந்தே இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். "சனிக்கிழமை ஓடுறா டாக்டர்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "கிடைக்காதுன்னுல்ல நெனச்சேன். எப்படிக் கிடச்சுது?" என்றார். "ஓட்டுற எண்ணமே இல்லாம ஒருத்தன் பேர் குடுத்து வழிய அடைச்சிருந்தான். இப்ப விலக்கிட்டான், அந்த இடம் நமக்கு" என்றேன். "விலக்கிட்டாரா? யாரு அந்தப் புண்ணியவான்? அவருக்கு நான் நேர்ல ஒரு நன்றி சொல்லணும் கஜேந்திரன்." தூறல் என் தலைக்கு மேலே கேரட்டைக் கடித்தாள், துணுக்கு ஒன்று காலரில் விழுந்தது. "சொல்லுங்க டாக்டர்," என்றேன், "சொல்லிட்டு நாலு வார்த்தை நல்லாத் திட்டவும் செய்யுங்க. ரெண்டையும் வாங்கிக்கிற ஆளுதான். சனிக்கிழமை வேலிகிட்ட உங்க பக்கத்துலதான் நிப்பான்."